பேய்ப்படம்: கதை தெரிஞ்சும் ஏன் போறம், ஏன் துள்ளுறம், ஏன் கடுப்பாகிறம்? எங்கட ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

மட்டக்களப்பிலயும் கல்முனைப் பக்கமும் பேய்ப்படம் ஓடி முடிஞ்சு சனம் வெளிய வரக்குள்ள கேக்கிற கதை அநேகமா ஒண்டுதான், "எல்லாம் தெரிஞ்ச கதைகா, ஆனா ரெண்டு இடத்தில துள்ளிட்டன்". நான் பேய்ப்படம் எண்டா விழுந்து விழுந்து பாக்கிற ஆள், அதால தெரிஞ்சவங்க எல்லாம் என்னட்டத்தான் வந்து கேக்கிறாங்க. திரும்பத் திரும்ப வந்த கேள்விகள இதில சேர்த்துப் போட்டிருக்கன்.

"தெரிஞ்ச கதை" எண்டு நான் சொல்றது இந்த மாதிரிப் படத்த: ஒரு குடும்பம் மலிவா கிடைச்ச பழைய வீட்டுக்கு குடிவரும், ஒரு அறை பூட்டிக் கிடக்கும், நாய் வாசல்லயே நிண்டு குலைக்கும், கடைசிப் புள்ள ஆரோடயோ தனியக் கதைக்கும், புருசன் நம்ப மாட்டான், மந்திரவாதியோ பாதர் ஒருத்தரோ வருவார், எல்லாம் முடிஞ்சிது எண்டு நினைக்கக்குள்ள பொம்மை கண்ணைத் திறக்கும்.

அண்ணே, முதல் பத்து நிமிசத்திலயே முழுக்கதையும் விளங்கிடுது, பிறகும் ஏன் சனம் காசு குடுத்துப் போகுது?

கதைக்காகப் போறவங்க குறைவு தம்பி. பேய்ப்படத்துக்கு தனிய போற ஆளைப் பாத்திருக்கிங்களா? பொடியன்மார் அஞ்சாறு பேர் சேர்ந்து வருவாங்க, புதுசா கலியாணம் கட்டினதுகள் வரும், மச்சான் மச்சாள்மார் கூட்டமா வருவாங்க. பக்கத்தில இருக்கிறவன் வெருளுறதப் பாக்கிறதில ஒரு சந்தோசம், நம்மள ஆரும் பாக்கேல்ல எண்டு நினைச்சுக்கொண்டு நாமளும் வெருளுறதில இன்னொரு சந்தோசம்.

இதுக்கு மனோதத்துவத்தில ஒரு விளக்கமும் இருக்கு, டொல்ஃப் ஸில்மன் எண்டவர் 1970கள்ல சொன்னது. பயத்தில நெஞ்சு அடிக்கிது, வேர்க்கிது, உடம்பு முறுகிப் போய் இருக்கிது, சீன் முடிஞ்ச உடன அந்தப் படபடப்பு அப்பிடியே நிண்டுடாது, கொஞ்ச நேரம் உடம்பில இருக்கும், அந்த நேரத்தில வாற நிம்மதியும் சிரிப்பும் வழமைய விட பெருசாத் தெரியும் எண்டுறார். இடைவேளையில கச்சான் சரையோட நிண்டு கதைக்கிற பொடியன்மாரப் பாருங்க, சாதாரணப் படத்துக்கு அவ்வளவு சத்தமும் சிரிப்பும் வாறதில்ல.

வரப்போகுது எண்டு நல்லாத் தெரிஞ்சும் ஏன் துள்ளுறம்? நான் பயந்தாங்கொள்ளியா?

இல்லவே இல்ல. அது உடம்பு செய்யிற வேலை, மூளை யோசிக்க முதலே கண் மூடி தோள் உயர்ந்து கழுத்து உள்ள இழுபட்டுடும். பரிணாமக் கொள்கை எழுதின சார்ள்ஸ் டார்வினே இதைச் செய்து பார்த்திருக்கார். லண்டன் மிருகக்காட்சிசாலையில விசப்பாம்பு இருந்த கண்ணாடிக் கூட்டில முகத்த ஒட்டி வைச்சுக்கொண்டு, பாம்பு கொத்த வந்தாலும் அசையவே மாட்டன் எண்டு முடிவெடுத்துப் போட்டு நிண்டவர், பாம்பு பாய்ஞ்ச உடன ஒண்டு ரெண்டு யார் பின்னால பாய்ஞ்சுட்டார். கண்ணாடி தடிப்பம், பாம்பு தன்னத் தொடாது எண்டு அவருக்கு நல்லாவே தெரியும். 1872ல எழுதின புத்தகத்தில அவரே இதைச் சொல்லியிருக்கார். அவருக்கே அந்த நிலை எண்டா மற்றாக்கள் துள்ளுறதுக்கு வெக்கப்பட ஒண்டுமில்ல.

படம் எடுக்கிறவங்களுக்கு இது எப்பவோ தெரியும். 1942ல வந்த கேட் பீப்பிள் எண்ட படத்தில ஒரு பொம்புள ராவில தனிய நடந்து வாறா, பின்னால ஏதோ வருகுது எண்டு அவவுக்கும் தெரியுது எங்களுக்கும் தெரியுது, சப்பாத்துச் சத்தம் மட்டும்தான், அதுவும் நிண்டுடுது, அந்த நேரம் பார்த்து புஸ் எண்டு பாய்ஞ்சு வந்து நிக்கிது ஒரு பஸ். பேயும் இல்ல மிருகமும் இல்ல, பஸ்ஸின்ட பிரேக் சத்தம். அந்தப் படத்தின்ட தயாரிப்பாளர் வால் லூட்டன், அதால இந்த உத்திய இண்டைக்கும் லூட்டன் பஸ் எண்டுதான் சொல்றாங்க. பூனை பாயிறது, புருசன் பின்னால வந்து தோளில கை வைக்கிறது எல்லாம் அதின்ட புள்ளைகள்தான்.

அப்ப சத்தத்த கூட்டி விட்டா பேய்ப்படம் ஆகிடுமா?

துள்ள வைக்கலாம், பயப்படுத்த ஏலாது. ரெண்டும் வேற. துள்ளல் ஒரு செக்கன்ல முடிஞ்சிடும், பயம் வீட்டுக்கு வரும், ராவில வெளிக் கக்கூசுக்கு போகக்குள்ள கிறுகிப் பாக்க வைக்கும். மோசமான படங்கள்ல ஒரு இடத்தில கூட அமைதிய விட மாட்டாங்க, கதவு திறந்தாலும் டமார், பெட்டி விழுந்தாலும் டமார். அரை மணித்தியாலத்தில காது மரத்துப் போகும், பிறகு பேய் நேர வந்தாலும் சனம் போனை நோண்டிக்கொண்டு இருக்கும்.

தியேட்டருக்குள்ள கூ அடிக்கிறாங்க, சிரிக்கிறாங்க. படம் சரியில்ல எண்டுதானே அர்த்தம்?

எல்லாச் சிரிப்பும் ஒண்டில்ல. குளியலறையில கண்ணாடி வைச்ச அலுமாரி சீன் வரும், எல்லாப் படத்திலயும் வரும், அவ கதவத் திறப்பா, மருந்துப் போத்தல எடுப்பா, மூடுவா. திறந்த உடனயே பின்சீட்டுப் பொடியன் "இப்ப பின்னால நிப்பா பார்" எண்டு சத்தமாச் சொல்லுவான், இன்னொருத்தன் ஒண்டு ரெண்டு மூண்டு எண்டு எண்ணுவான், மூண்டுக்கு பேய் வரும், முழுத் தியேட்டரும் கத்தும், கத்தின கையோட சிரிக்கும். அந்தச் சிரிப்பில பயம் இருக்கு, அது படத்துக்கு நல்லது. எண்ணின பொடியன்தான் முதல்ல காலத் தூக்கி சீட்டுக்கு மேல வைச்சிருப்பான், எட்டிப் பார்த்தா தெரியும்.

இன்னொரு சிரிப்பு இருக்கு. தாய் புள்ளயப் பறிகுடுத்து அழுகிற இடத்தில ஆரோ ஒருத்தன் பகிடி விட்டு எல்லாரும் சிரிச்சா, அதோட படம் செத்துப் போச்சு. அந்தப் பொடியனக் குறை சொல்லி வேலையில்ல, அந்த அழுகைய நம்புற மாதிரி படம் முதல்ல ஒண்டும் செய்யேல்ல எண்டதுதான் காரணம். ஒரு படம் பிடிச்சிதா இல்லையா எண்டு அறிய நான் பாக்கிறது இந்த ரெண்டாவது சிரிப்பு வருகுதா எண்டுதான்.

எல்லாரும் படத்த ஏசிக்கொண்டே வெளிய வாறாங்க, ஆனா அடுத்த வருசமும் அதே மாதிரி படம் வருகுது. ஏன்?

காசு. பேய்ப்படத்துக்கு பெரிய நடிகர் தேவையில்ல, ஒரு வீடு போதும். பாரானார்மல் ஆக்டிவிட்டி எண்ட படத்த 15,000 டொலர் அளவில எடுத்தாங்க, உலகம் முழுக்க 19 கோடி டொலருக்கு மேல சேர்த்துது. அதுக்குப் பிறகு எந்தத் தயாரிப்பாளர்தான் சும்மா இருப்பார்?

சனம் பேசுறதும் காசு வாறதும் வேற வேற நேரத்தில நடக்கிது, அதையும் கவனிக்கணும். அமெரிக்காவில சினிமாஸ்கோர் எண்டு ஒரு நிறுவனம் இருக்கு, படம் வெளியாகிற நாள்ல தியேட்டருக்கு வந்த சனத்திட்ட கார்ட் குடுத்து மார்க்ஸ் போடச் சொல்லுவாங்க, ஏ தொடக்கம் எஃப் வரைக்கும். 2012ல வந்த த டெவில் இன்சைட் எண்ட பேயோட்டுற படத்துக்கு எஃப் கிடைச்சிது. மிச்சக் கதைய தெரிஞ்சுகொள்ள இந்த வெப்சைட்டுக்கு போங்க எண்டு எழுத்துப் போட்டு படத்த முடிச்சிருந்தாங்க, தியேட்டருக்குள்ளயே சனம் கூச்சல் போட்டது. ஆனா அந்த முதல் மூண்டு நாள்லயே 3 கோடி டொலருக்கு மேல உழைச்சிட்டாங்க, படம் எடுத்த செலவு 10 லட்சம் டொலர் அளவுதான். அடுத்த வாரம் வசூல் முக்கால்வாசி விழுந்துது, விழுந்தும் என்ன, அவங்க பெட்டியக் கட்டிட்டாங்க. நாம பேசுறது டிக்கட் எடுத்த பிறகு, அவங்களுக்கு தேவை டிக்கட் எடுக்கிற வரைக்கும்தான்.

கதை முன்னாடியே தெரியிறதுதான் படத்தின்ட பெரிய குறை, இல்லையா?

இதுதான் எனக்கு மனசுக்கு நெருக்கமான கேள்வி, கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவன். நான் ஒத்துக்கொள்ள மாட்டன். நாம கிழக்கில பிறந்த ஆக்கள், கதை தெரிஞ்சா சுவை போகும் எண்டு நாம சொல்லலாமா?

வைகாசியில தம்பிலுவில்லயோ காரைதீவிலயோ செட்டிபாளையத்திலயோ கண்ணகி அம்மன் கோயிலுக்கு போய்ப் பாருங்க. கோயில் கதவு திறந்து, அம்மனக் குளிர வைக்கிற குளிர்த்திச் சடங்கு முடியிற வரைக்கும் கண்ணகியின்ட கதையச் சொல்ற வழக்குரைப் பாட்டப் படிப்பாங்க. கோவலனக் கொல்லப் போறாங்க எண்டு அங்க இருக்கிற சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஆரும் "ஐயோ இது தெரிஞ்ச கதை" எண்டு எழும்பிப் போறாங்களா? அவனக் கொலைக்களத்துக்கு கொண்டு போற இடம் வரக்குள்ள கிழவிமார் சேலைத் தலைப்பால கண்ணத் துடைக்கிறத எத்தனை வருசமாப் பாக்கிறம். வடமோடிக் கூத்தில அபிமன்யு கதை ஆடினாலும் அப்பிடித்தான், வியூகத்துக்குள்ள போனவன் வெளிய வர மாட்டான் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் களரியச் சுத்தி விடிய விடிய குந்தியிருக்கிறம், கூத்துப் பழக்கின அண்ணாவியார் மத்தளத்த அடிக்க அடிக்க நெஞ்சு பதறுது. தெரிஞ்சதாலதான் பதறுது, தெரியாட்டி அவன் உள்ள போறத வீரம் எண்டு மட்டும்தான் பார்த்திருப்பம்.

அல்பிரட் ஹிட்ச்கொக் சொன்னதும் இதுக்கு கிட்டத்தான் வருது. மேசைக்கு கீழ குண்டு இருக்கிறது ஆருக்கும் தெரியாம வெடிச்சா சனத்துக்கு 15 செக்கன் அதிர்ச்சி, குண்டு இருக்கிறத சனத்துக்கு முதல்ல காட்டிப்போட்டு மேசையில இருக்கிறவங்கள சும்மா கதைக்க விட்டா 15 நிமிசம் தவிப்பு. 2011ல கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில ரெண்டு பேர் சிறுகதைகள வைச்சு ஒரு ஆய்வு செய்தாங்க, முடிவ முதல்லயே சொல்லிக் குடுத்த ஆக்களுக்குத்தான் கதை கூடப் பிடிச்சிருந்திச்சு.

அப்ப கடுப்பு எங்க இருந்து வருகுது? படத்தில வாற ஆக்கள் மனசில ஒட்டாததில இருந்து. த கான்ஜூரிங் 2013ல வந்தது, பழைய வீடு, நாய், புள்ளைகள், பேயோட்டுறவங்க, மேல நான் சொன்ன பட்டியல்ல அநேகமா எல்லாமே இருக்கு. ஆனா சினிமாஸ்கோர்ல ஏ மைனஸ் வாங்கின படம், பேய்ப்படத்துக்கு அது லேசில கிடைக்கிறதில்ல. அதில கண்ணக் கட்டிக்கொண்டு கைதட்டல் சத்தத்த வைச்சு ஆளத் தேடுற ஒரு விளையாட்டு வருது. முதல்ல புள்ளைகள் சந்தோசமா விளையாடுறதக் காட்டுறாங்க, தாயும் சேர்ந்து விளையாடுறா, வீடு முழுக்க சிரிப்பு. கொஞ்ச நேரத்தில தாய் கண்ணக் கட்டிக்கொண்டு கைய நீட்டி நீட்டி வரக்குள்ள அலுமாரிக் கதவு மெல்லத் திறந்து உள்ள இருந்து ரெண்டு கை வந்து தட்டுது. என்ன நடக்கப் போகுது எண்டு எல்லாருக்கும் தெரியும், அந்த வீட்டுச் சனத்த நமக்குப் பிடிச்சுப் போனதாலதான் வயித்தப் பிசையுது. மற்றப் படங்கள் அந்தக் கையத்தான் களவெடுக்கிறாங்க, புள்ளைகளோட தாய் சிரிச்ச அந்த அஞ்சு நிமிசத்த விட்டுட்டு வந்துடுறாங்க.

தமிழ்ப் பேய்ப்படத்தில ஏன் எப்பவும் ஃப்ளாஷ்பேக், பழிவாங்கல், நடுவில பகிடி?

2007ல முனி வந்துது, 2011ல காஞ்சனா வந்துது, அதுக்குப் பிறகு அந்தப் பாதையே ரோட்டாகிப் போச்சு. காஞ்சனா 3ம் பாகம் 2019ல வந்தது, அரண்மனை 4 வரைக்கும் 2024ல வந்துட்டு. குடும்பமா வாற சனத்துக்கு பயம் மட்டும் குடுத்தா சின்னதுகள் அழும், பெரியவங்க பேசுவாங்க, அதால பகிடியும் பாட்டும் போடுறாங்க. எனக்கு பகிடி கூடினது பிடிக்கிறதில்ல, ஆனா காஞ்சனாவில சரத்குமார் வாற ஃப்ளாஷ்பேக்குக்கு தியேட்டர் அமைதியாகுறத ஒத்துக்கொள்ளணும். வீட்ட விட்டு துரத்தப்பட்ட ஒரு திருநங்கையின்ட கதை அது. அந்த இடத்தில சனம் பேயின்ட பக்கம் சாஞ்சுடுது, பிறகு வாற பழிவாங்கல் தெரிஞ்சதா இருந்தாலும் கைதட்டுறாங்க.

சந்திரமுகியும் அப்பிடித்தான். 1993ல மலையாளத்தில வந்த மணிச்சித்ரத்தாழ், 2004ல கன்னடத்தில எடுத்து, 2005ல தமிழுக்கு வந்து சென்னையில ஒரு தியேட்டர்ல 800 நாளுக்கு மேல ஓடிச்சு. அத்தனை நாளும் வந்தவங்களுக்கு முடிவு தெரியாம இருந்திருக்குமா?

நானா, பாதர் வந்து சிலுவையக் காட்டி பேயோட்டுற படத்த எங்கட ஊர் ஆக்கள் எப்பிடிப் பாக்கிறாங்க?

நல்லாவே பாக்கிறாங்க, ஆனா தங்கட கணக்குக்கு மாத்திப் பாக்கிறாங்க. காத்தான்குடிப் பொடியன்மாரோட இருந்து பார்த்தா அது ஜின் எண்டுதான் கதைப்பாங்க, எந்த ஓதலுக்கு அடங்கும் எண்டு பக்கத்தில விளக்கமும் வரும். நம்மட வீட்டுப் பெரியாக்கள் காடேறி எண்டுவாங்க, மாடன் எண்டுவாங்க. மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஆளப் பாயோட ஒட்ட வைச்சிடுவாங்க எண்டு வெளியூர்ச் சனம் சொல்ற ஊர் இது, லத்தீன் மந்திரம் கேட்டு ஆரும் ஆடிப் போக மாட்டாங்க. போன முறை எனக்கு முன் சீட்டில இருந்த மாமி, பாதர் பத்தாவது நிமிசமாக் கத்தக்குள்ள, "உடுக்க எடுத்து அடிச்சிருந்தா இவ்வளவு நேரத்துக்கு இறங்கியிருக்கும்" எண்டு கவலையாச் சொன்னா. அவ படத்த மட்டம் தட்டேல்ல, அந்தப் புள்ளய எப்பிடியாவது காப்பாத்தணும் எண்டு உண்மையாவே நினைச்சுத்தான் சொன்னா.

எங்கட அம்மம்மா பேய்ப்படத்துக்கு பயப்படவே மாட்டா. சில நேரம் எழும்பிப் போயிடுறா. ஏன்?

மகள், இதுக்கு எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் இல்ல. நான் கண்டதச் சொல்றன். எங்கட பகுதியில 2004 டிசம்பர் 26 சுனாமியில நாவலடியிலயும் கல்லடியிலயும் கல்முனைக் கரையிலயும் ஒரு நாள்லயே குடும்பம் குடும்பமாப் பறிகுடுத்தவங்க இருக்காங்க. அதுக்கு முதல் யுத்தம். காணாமப் போன மகன் உயிரோட இருக்கானா எண்டு அம்மன் கோயில்ல வாக்குக் கேட்டு கேட்டுத் திரிஞ்ச தாய்மார் எத்தனை பேர். செத்தது திரும்பி வந்து கதவத் தட்டுறது எண்டா படத்தில அது பயம், அந்தத் தாய்க்கு அது ஆசை. வந்தா கதவத் திறந்து சோறு போட்டுக் குடுப்பா.

அதால அவ எழும்பிப் போனா பகிடி பண்ண வேணாம், "என்னம்மா பயமா" எண்டு கேக்கவும் வேணாம், டீவிய நிப்பாட்டிப்போட்டு வேற ஏதும் போடுங்க.

சின்னப் புள்ளைகளக் கூட்டிட்டு போகலாமா?

வேணாம். "அது பொய்தானே" எண்டு நமக்கு விளங்கும், ஆறேழு வயசுப் புள்ளைக்கு அந்தப் பிரிவு முழுசா விளங்காது. 1999ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வில, சின்னதில பார்த்த படத்தின்ட பயம் இன்னும் தங்களிட்ட மிச்சமிருக்கு எண்டு கம்பஸ் புள்ளைகள்ல கால்வாசிப் பேர் சொல்லியிருக்காங்க. டிக்கட் குடுக்கிறவங்க கேக்கேல்ல எண்டதுக்காக கூட்டிட்டு போகாதிங்க. முன்னுக்கு இருந்த புள்ள காதப் பொத்திக்கொண்டு தகப்பன்ட மடியில முகத்த வைச்சு இருந்ததயும், தகப்பன் அதின்ட கையப் பிடிச்சு இழுத்து "பார் பார்" எண்டு சிரிச்சதயும் கண்டிருக்கன், எனக்கு அண்டைக்கு படம் பிடிக்கேல்ல.

போன்ல பார்த்தா ஏன் பயமே வரேல்ல?

வெளிச்சத்தோட, அரைவாசிச் சத்தத்தில, நடுவில மெசேஜ் பார்த்துக்கொண்டு பார்த்தா எந்தப் பேய்தான் வரும். நல்ல ஹெட்போன் போட்டு, லைட்ட நிப்பாட்டி, போனை வேற அறையில வைச்சுட்டு லெப்டொப்பில பாருங்க. 2022ல மணித்தியாலக் கணக்கா கரண்ட் இல்லாத நேரம் லெப்டொப் சார்ஜ் முடியிற வரைக்கும் பேய்ப்படம் பார்த்தவங்களக் கேளுங்க, ஊரே இருட்டு, ஃபேன் சத்தம் கூட இல்ல, பழைய படங்கள் கூட புதுசா வெருட்டிச்சு.

முடிவ மற்றாக்களுக்கு சொல்லலாமா?

கேக்காம சொல்லாதிங்க. கேட்டா சொல்லுங்க. முடிவு தெரிஞ்சா நிம்மதியாப் பாக்கிற ஆக்களும் இருக்காங்க, அவங்களக் கோழை எண்டு சொல்றது சரியில்ல.

எங்கட ஊர்ப் பொடியன்மார் குறும்படம் எடுக்கிறாங்க, பேய்ப்படம் எடுக்க என்ன சொல்லுவிங்க?

முதல்ல அந்த வெள்ளைச் சேலையையும் தலைமயிர விரிச்சு விடுறதையும் கொஞ்ச நாளைக்கு வீட்டில வைச்சுட்டு வாங்க தம்பிமார். பங்களா தேடி அலையவும் வேணாம், நம்மட ஊரில பங்களா எங்க இருக்கு? வாவி இருக்கு, கண்டல் காடு இருக்கு, வயல் நடுவில பரண் இருக்கு, போடியாரின்ட பழைய நாற்சார் வீடு இருக்கு. கல்லடிப் பாலத்துக்கு கீழ பூரணை ராவில தோணியில போய் துடுப்ப தண்ணிக்குள்ள விட்டு மறு நுனிய காதில வைச்சா மீன் பாடுறது கேக்கும் எண்டு நம்மட பெரியாக்கள் சொல்லுவாங்க. எங்க இருந்து வருகுது எண்டு தெரியாத ஒரு சத்தம், அத விட நல்ல பேய்ப்படத் தொடக்கம் எந்த ஊருக்கு கிடைச்சிருக்கு?

கதை தெரிஞ்சதா இருந்தா இருக்கட்டும். அம்மம்மா ஒருத்தி, பேரன் ஒருத்தன், ரெண்டு பேரும் ராச்சாப்பாட்டுக்கு என்ன எண்டு சண்டை பிடிக்கிறத முதல்ல எடுங்க, சனம் அந்தக் கிழவிய விரும்பணும். அதுக்கு எத்தனை நிமிசம் தேவையோ அத்தனையும் குடுங்க. மறுகா லைட்ட நிப்பாட்டுங்க. சத்தம் எடுக்கிறதுக்கு மட்டும் ஒரு நல்ல மைக் வாங்கிறதோ இரவல் கேக்கிறதோ செய்யுங்க, கெமராவ விட அதுதான் முக்கியம், காத்து இரைச்சலோட வாற பேய்க்கு ஆரும் பயப்பட மாட்டாங்க.